இவன் என்ன வேலை பார்க்கிறான்?

ஹிந்திப் படம் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். முதல் பாட்டு முடிவதற்குள் ஹீரோ என்ன வேலை பார்க்கிறான், மாதம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எரிச்சல். ஆனால் பம்பாய் சினிமாவின் மொத்த வரலாற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

1953-ல் பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்'. கடனில் மூழ்கப்போகும் நிலத்தை மீட்க, கல்கத்தா போய் ரிக்‌ஷா இழுக்கிறார் பல்ராஜ் சாஹ்னி. 1975-ல் 'தீவார்', இங்கே ரஜினி நடித்து 'தீ' ஆனதே, அது. அமிதாப் பம்பாய்த் துறைமுகக் கூலி. 786 என்று எண் போட்ட பில்லை அவனுக்கு. பிறகு பெரிய கடத்தல்காரன் ஆகிறான், கோட்டு சூட்டு எல்லாம் வந்துவிடுகிறது. ஆனாலும் அந்தப் பில்லையை விடுவதில்லை. தோட்டாவைத் தடுப்பதும் அதுதான். ராசி நம்பர் என்று பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ, எவ்வளவு பணம் வந்தாலும் இவன் கூலிக்காரன்தான் என்று படத்தை எழுதிய சலீம்–ஜாவேத் நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பதாகப் படும்.

இது யதார்த்த சினிமா, பொழுதுபோக்கு சினிமா என்கிற சண்டை இல்லை. 1983-ல் வந்த 'கூலி' அசல் மசாலா, ஹீரோவோடு ஒரு பருந்து வேறு திரியும். ஆனால் அவன் ரயில்வே ஸ்டேஷன் போர்ட்டர். 'காலா பத்தர்' நிலக்கரிச் சுரங்கம். கனவு கண்டாலும் கையில் காய்ப்போடுதான் கண்டார்கள்.

அப்புறம் 1995-ல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'. ஷாருக் கான் ராஜாக வருகிறான், லண்டனிலிருந்து. பரீட்சையில் ஃபெயில், அப்பா சந்தோஷமாக ஐரோப்பா டூர் அனுப்புகிறார். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். 2001-ல் 'கபி குஷி கபி கம்'. மூன்றரை மணி நேரம் பார்த்தும் அந்த ராய்சந்த் குடும்பம் என்ன வியாபாரம் செய்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. டில்லி வீடு என்று காட்டியது இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பிரபு மாளிகை. வீட்டுக்கு ஹெலிகாப்டரில் வருகிறான் பையன். சரி, வரட்டும்.

தாராளமயம், வெளிநாட்டு இந்தியர்களின் டாலர் என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்தது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய்த் துணி ஆலைத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறையாக முடியவே இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் போன வேலை போனதுதான். லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று மால், உள்ளே மல்டிபிளெக்ஸ். போயிருந்தேன். மில் புகைபோக்கியை மட்டும் அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். அமிதாபுக்கு விசிலடித்த ஆள் வேலை பார்த்த இடம் அது. இன்று அங்கே படம் பார்க்க அவனால் முடியாது. டிக்கெட் வாங்க முடியாதவனைப் பற்றி எதற்குக் கதை எழுதுவார்கள்?

(நம்மூர் ஹீரோக்கள் மட்டும் ஒழுங்கா என்று கமெண்டில் வராதீர்கள். அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது.)

சிறுநகரப் படங்கள் வந்தனவே என்பீர்கள். வந்தன. கான்பூர், பரேலி, ஹரித்துவார் எல்லாம் பார்த்தோம். வழுக்கை, குண்டு உடம்பு என்று ஹீரோவுக்கு விதவிதமான கவலை, வயிற்றுக் கவலை மட்டும் குறைவு. விதிவிலக்கு இயக்குநர் நீரஜ் கய்வான். 'மசான்' தீபக் காசியில் பிணம் எரிக்கும் குடும்பத்துப் பையன். காதலுக்கு நடுவில் நிற்பதே அந்தத் தொழிலும் சாதியும்தான்.

அவருடைய 'ஹோம்பவுண்ட்' 2025-ல் வந்தது. ஒரு தலித் பையன், ஒரு முஸ்லிம் பையன், இருவருக்கும் கான்ஸ்டபிள் வேலைதான் கனவு. நான் போன காட்சியில் முக்கால்வாசி நாற்காலி காலி. இந்தத் தடவை பக்கத்தில் இருந்த நண்பரே முந்திக்கொண்டார்: "சொல்லு, உன் ஹீரோ என்ன வேலை பார்க்கிறான்?"

அப்போது திரையில் அவர்கள் சூரத்தில் ஒரு துணி மில்லுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.