படம் விட்டதும் எங்கே நிற்பது?

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரவுக் காட்சிக்குப் போனேன். பேரங்காடியின் மேல்மாடியில் தியேட்டர். படம் விடும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. திரைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே வந்தால் வெறும் சிமெண்டுப் படிக்கட்டு. கடைகள் மூடியாகிவிட்டன, நகரும் படிகளும் நின்றுவிட்டன. கார் பார்க்குக்குப் போகும் மின்தூக்கியைத் தேடி அலைந்ததில் அம்மாவுக்கு முட்டிவலி வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

சிறுவயதில் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் உள்ள கொலிசியத்துக்குத்தான் போவோம். 1920இல் கட்டிய தியேட்டர், சாலையைப் பார்த்தபடி நிற்கும். தீபாவளிப் படமென்றால் வாசலிலேயே பாதி ஊர் இருக்கும். காகிதச் சுருளில் கச்சான் பூத்தே என்கிற வறுத்த கடலை, கையெல்லாம் உப்பு. படம் விட்டதும் யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள். மழை பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது, கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் நின்று முதல் பாதியா இரண்டாம் பாதியா என்று சண்டை நடக்கும். முன்பின் தெரியாத ஒருவர் நடுவில் புகுந்து தீர்ப்பும் சொல்லுவார். எனக்குப் படம் பார்ப்பது என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

ஜாலான் சுல்தானில் 1947இல் திறந்த ரெக்ஸ் தியேட்டர் 2002இல் மூடப்பட்டது. 2019இல் கலைக்கூடமாகத் திரும்பி வந்தது. இப்போது சாப்பாட்டுக் கடைகள், இசை நிகழ்ச்சிகள், பழைய அரங்கின் படிவரிசைகளில் புத்தகக் கடை. டிக்கெட் இல்லாமலே உள்ளே போய் உலாத்தலாம். தியேட்டராக ஓடாத கட்டடம் மனிதர்களை இப்படி உட்காரவைக்கிறது; படம் ஓடும் புதுக் கட்டடங்களுக்கு ஏன் முடியவில்லை?

பாப்கார்ன் கவுண்டருக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி போதும், பத்து நாற்காலி போடலாம். கடைசிக் காட்சி விட்ட பிறகும் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கடை திறந்திருக்கட்டும். உள்ளே போன வழியிலேயே வெளியே வர விடுங்கள். அப்புறம், சக்கர நாற்காலிக்கான இடம். நான் போன பல அரங்குகளில் அது முதல் வரிசையில்தான் இருக்கிறது. அங்கிருந்து இரண்டரை மணி நேரம் கழுத்தை அண்ணாந்து பார்ப்பது எவ்வளவு கொடுமை! வரைபடம் போடும்போதே நடுவரிசைக்குச் சாய்தளம் வைத்துவிட்டால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது.

அன்று வீட்டுக்கு வந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் அம்மா படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். மணி ஒன்றரை. "அந்தத் தங்கச்சியா நடிச்ச பொண்ணு நல்லா செஞ்சிருந்தாளே?" என்றார். அடுத்த படத்துக்குக் கூப்பிட்டால், "நீ போய்ட்டு வாப்பா" என்கிறார்.