கதை எழுதுறது ஒளிஞ்சுக்கிறதா?

மனசுல கெடக்கத நேரா சொல்ல தைரியம் இல்லாதவங்கதான் அத கதையாக்கி அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குறாங்கன்னு நண்பர் ஒருத்தர் மார்த்தாண்டத்துல சாயா குடிக்கும்போது அடிச்சு சொன்னாரு. அங்க வச்சு சண்டை போட முடியல, பஸ் வந்துட்டு. அதான் இங்க எழுதுறேன்.

எனக்கு நேர் எதிரா தோணுது. டைரியில நான் எழுதினது எல்லாமே என் தரப்பு வக்கீல் பேசின மாதிரிதான் இருக்கும். அப்பா இப்படி பேசினாரு, குடிச்சிட்டு வந்து சோத்துப் பானைய தூக்கி எறிஞ்சாரு... எல்லாம் உண்மைதான், ஆனா எவ்வளவு எழுதினாலும் அந்த வெப்ராளம் மட்டும் அப்படியே கெடந்துது. அதையே கதையா எழுத உக்காந்தப்போதான் சிக்கல். அந்த ஆளு ஏன் அன்னைக்கு பானைய எறிஞ்சான்னு நான் சொல்லியாகணும்லா, சும்மா கெட்டவன்னு எழுதி வச்சா கதை நிக்க மாட்டேங்குது. அப்பாவுக்கு ரப்பர்தான் பொழப்பு, அதுக்காக பழைய ரப்பர் வெலையெல்லாம் தேடிப் பாத்தேன். 2011ல கிலோ 200 ரூபாய்க்கு மேல போனது 2016 தொடக்கத்துல 100க்கும் கீழ வந்திருக்கு. எங்க வீட்ல பானை பறந்ததும் அந்த வருஷங்கள்லதான். வெடியும் முன்ன தலையில லைட்ட கட்டிட்டு போய் பால் வெட்டி, ஷீட் அடிச்சு, காய வச்சு, கொண்டு போனா கடைக்காரர் சொல்ற வெலைய கேட்டுட்டு ஒரு வார்த்த பேசாம திரும்பி வந்த மனுஷன், பேச வேண்டியத எல்லாம் வீட்ல வந்து பேசினாரு. அவரு பக்கமா நின்னு அத எழுதினேன். மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல, அதெல்லாம் சினிமாவுல நடக்கும். எறிஞ்சது எறிஞ்சதுதான். ஆனா இப்போ அத நெனைக்கும்போது நெஞ்சு படபடக்கல.

இத ஆராய்ச்சி பண்ணியும் பாத்திருக்காங்க. ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், 1986ல வந்த ஆய்வு. காலேஜ் பிள்ளைங்கள தொடர்ந்து நாலு நாள், தினம் கால் மணி நேரம், மனச உலுக்கின விஷயத்த எழுத சொன்னாரு. எழுதி முடிச்ச உடனே அவங்களுக்கு மனசு இன்னும் மோசமாதான் இருந்துருக்கு (இத யாரும் சொல்றதில்ல). ஆனா நடந்ததோட சேத்து மனசுல பட்டதையும் எழுதினவங்க அடுத்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போறது மத்தவங்கள விட கம்மியா இருந்துது. எனக்கு முக்கியமா படுறது 1996ல வேற குழு பண்ணினது. தனக்கு நடக்கவே இல்லாத ஒரு துயரத்த, நடந்த மாதிரி கற்பனை பண்ணி எழுத சொன்னாங்க. அவங்களுக்கும் அதே பலன் தெரிஞ்சிருக்கு. அப்போ கற்பனைய ஏன் கேவலமா பாக்கணும்?

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளந்தவங்கதானே. வெட்டுப்பட்டு செத்தவன், ஏமாத்தி கொல்லப்பட்ட பொண்ணு, அநியாயமா போன உசுரு, இவங்கள்ல எத்தன பேரு இன்னைக்கு சாமியா நிக்காங்க. பகல்ல வாய் தெறந்து பேச முடியாதத ராத்திரி முழுக்க குடம் அடிச்சு, கதையா பாடி, சாமி வந்து ஆடி, படப்பும் (படையல்) போட்டு குடுத்துருக்கு ஊரு. நண்பர் இதையும் ஒளிஞ்சுக்கிறதுன்னு சொல்லுவாரா?

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சதுக்கு அடுத்த வருஷம், தூத்தூர் பக்கத்துல இருந்து டியூஷனுக்கு வந்த பையன் ஒருத்தன் கதைன்னு ரெண்டு பக்கம் எழுதி தந்தான். அதுல போட் திரும்பி வருது. ஆனா அப்பா வீட்டுக்குள்ள வராம வெளிய உக்காந்து வலைய பிரிச்சு கெட்டிட்டே இருக்காரு, சாப்பிட கூப்பிட்டா 'இன்னும் கொஞ்சம் இருக்கு மக்களே'ங்காரு. கடலுக்கு போன அப்பாவோட உடலே கெடைக்காத வீட்டுப் பிள்ளை அவன். அவன்கிட்ட போய் நேரா சொல்லு, தைரியமா சொல்லுன்னா அவன் என்னத்த சொல்லுவான்?

அதுக்காக கதை எழுதினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்களையும் எனக்கு பிடிக்காது. தூக்கமே வரல, சாகணும்னு தோணுதுன்னா பேனாவ வச்சிட்டு டாக்டர பாருங்க, இல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசு நடத்துறது, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. காயம் பச்சையா இருக்கும்போது உடனே எழுதி உடனே போஸ்ட் போடுறதும் வேண்டாம். எழுதுங்க, உள்ள போட்டு வைங்க.

போடுறதா இருந்தா பேரு, ஊரு, தொழில் எல்லாத்தையும் மாத்திடுங்க. மாத்தினாலும் தப்பிக்க முடியாது, அது வேற. அப்பாவ பத்தி நான் எழுதின கதைய படிச்சிட்டு எங்க சித்தி, அதுல வர்ற கடன் குடுக்காத பொம்பள நான்தானேன்னு இன்னும் என்கிட்ட பேசல. சத்தியமா அது சித்தி இல்ல, மாமி.