ரத்தம் எடுத்த நேரத்தையும் பாருங்கள்

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன் கார்டிசால். ரத்தத்தில் அது குறைந்தால் அந்தச் சுரப்பி பழுது என்று நான் படித்த கட்டுரை சொல்கிறது. ரத்தம் எடுத்த நேரத்தையும் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். மாலையில் எடுத்த ரிசல்ட்டைக் காலை அளவோடு ஒப்பிட்டால் வீண் பயம்தான்.

எங்களுக்கு செங்கோட்டை. அம்மா மூட்டுவலிக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூர் போகும் வழியில் ஒரு கடையில் மாத்திரை வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டார். அது ஸ்டீராய்டு என்று எங்களுக்குத் தெரியாது. வலி குறைந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார். அப்புறம் எழுந்தால் தலைசுற்றல், சாப்பாடு இறங்கவில்லை, சோடியமும் குறைவு. காலை 8 மணிக்கு எடுத்த கார்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம். 3-க்குக் கீழே போனாலே சுரப்பு போதவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதற்கு மேலே, ஆனால் தெளிவாகச் சொல்ல முடியாத அளவாக இருந்தால், அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டு 30, 60 நிமிடத்தில் கார்டிசாலை மறுபடி பார்ப்பார்கள்.

அம்மாவின் சுரப்பி கெடவில்லை. கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஹெச் அனுப்புவதைக் குறைத்துவிட்டது, அட்ரீனலும் தூங்கிவிட்டது. 1855-இல் ஆங்கிலேய டாக்டர் தாமஸ் அடிசன் விவரித்த நோய் வேறு. அதில் சுரப்பியே கெடும், ஏசிடிஹெச் எகிறும், தோல் கறுக்கும். நம் நாட்டில் காசநோயும் அதற்கு ஒரு காரணம்.

ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அம்மாவுக்கு மறுபடி ஸ்டீராய்டு கொடுத்து அப்படிக் குறைத்து நிறுத்த 8 மாதம் ஆனது. காய்ச்சல் வந்தால் டோஸைக் கூட்டவேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு அதுவரை அவர் பர்ஸிலேயே இருந்தது.