சித்திரை வாரம் தெரியாத விதிகள்

தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு மாடியிலுள்ள இரண்டு அறைகளை, என் கணவர் பணி ஓய்வு பெற்ற பிறகு, ஒரு முன்பதிவுத் தளத்தின் வழியாக வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு வருகிறோம். அந்தத் தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அது நடந்துகொள்ளும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மதுரையில் அறை விடுகிறவர்களுக்கு ஓர் ஆண்டு என்பது சித்திரைத் திருவிழாவும் மற்ற நாட்களும்தான். திருக்கல்யாணம், தேரோட்டம், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று அடுத்தடுத்து நடக்கும் அந்த நாட்களில் எங்கள் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. சித்ரா பௌர்ணமி என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே தெரியும் என்பதால், தை பிறந்ததும் முன்பதிவு தொடங்கிவிடும். சென்ற ஆண்டு அதற்குச் சற்று முன்னால், மார்கழியில் ஓர் இரவு, செயலியில் அறிவிப்பு வந்தது: விருந்தினர் வருவதற்கு ஐந்து நாள் முன்புவரை ரத்து செய்தாலும் முழுப் பணமும் அவருக்குத் திரும்பும். ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தாதவரை காலண்டர் திறக்காது. அழுத்தினேன், வேறு என்ன செய்வது?

விளைவு எளிதாக ஊகிக்கக்கூடியதுதான். ரத்து செய்தால் நஷ்டமில்லை என்று தெரிந்த குடும்பங்கள் மூன்று நான்கு வீடுகளில் பதிந்து வைத்து, கடைசியில் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டன. தேரோட்டத்துக்கு ஆறு நாள் இருக்கையில் எங்கள் இரண்டு அறைகளும் காலியாயின. மீதி நாளில் வேறு ஆள் பிடித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் அந்த வாரத்து மதுரையை அறியாதவர்கள்: கடைசி நேரத்தில் வரும் கிராமத்து ஜனங்கள் வேனில் வந்து, உறவினர் வீட்டிலோ மண்டகப்படியிலோ ஆற்றங்கரையிலோ தங்குகிறார்களே தவிர, அறை தேடுவதில்லை. ஓர் அறை பாதி வாடகைக்குப் போனது. மற்றொன்று போகவே இல்லை. ரத்து செய்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

எல்லா விதி மாற்றங்களையும் நான் எதிர்க்கவில்லை. வீட்டுக்குள் கண்காணிப்புக் கேமரா கூடாது என்று ஏர்பிஎன்பி என்ற முன்பதிவுத் தளம் 2024 மார்ச்சில் அறிவித்து ஏப்ரல் 30 முதல் நடைமுறைப்படுத்தியது. விருந்தினர் தங்கும் இடத்தில் கேமரா வைப்பது அருவருப்பான செயல் என்பதே என் எண்ணமும்.

என் குறை, மாற்றம் வரும் விதத்தைப் பற்றியது. அரசாங்கத்தைத் திட்டுவது நமக்குப் பழகிவிட்டது, ஆனால் இத்தகைய தளங்கள் எங்களுக்குத் தரும் பணத்தில் பிடிக்கும் டிடிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தம் 2020 அக்டோபரில் வந்ததும், 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு அந்த அக்டோபரில் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்ததும் எல்லோரும் முன்கூட்டியே அறிந்த செய்திகள். கணக்குப் போட அவகாசம் இருந்தது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும் என்பது தொல்லை பிடித்த வேலைதான், ஆனாலும் நேற்று ஒன்று இன்று ஒன்று என்று அது மாறுவதில்லை. எங்களைப் ‘பங்குதாரர்’ என்று அழைக்கும் தளமோ, எங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கும் விதியை மாற்றும்போது ஒரு கருத்துக்கூடக் கேட்பதில்லை, எதிர்த்துப் பேச ஒரு மனிதரையும் காட்டுவதில்லை.

இந்த ஆண்டு சித்திரை வாரத்தைத் தளத்தில் மூடி வைத்துவிட்டு, முன்பு வந்து தங்கிய குடும்பங்களுக்கே நேரில் பேசி, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு அறைகளைக் கொடுத்திருக்கிறேன். அந்த நாட்களைத் திறந்தால் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று செயலி தினமும் காலையில் எனக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.