கல்லாவில் மூன்றரை வயசுக்காரர்

போன வாரம் எங்கள் எல்கேஜி வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டு மளிகைக்கடைப் படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸ் நிறைய ஒரே கேள்வி. "இந்த செட் எங்க வாங்கினீங்க? லிங்க் இருந்தா அனுப்புங்க." லிங்க் எதுவும் இல்லைங்க. அந்தக் கல்லா, எங்கள் வீட்டு மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. தராசு, சட்டை மாட்டுகிற ஹேங்கரில் ரெண்டு கொட்டாங்குச்சியைக் கட்டித் தொங்கவிட்டது. ரூபாய் நோட்டு, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். காசு கொடுத்து வாங்கியது ஒரு நூல்கண்டு மட்டும். அதிலும் பாதி மிச்சம் இருக்கிறது.

கேட்டவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே டீச்சர்கள், மீதிப்பேர் அம்மாக்கள். ஒவ்வொருத்தருக்கும் பதில் தட்டிக் கை வலிக்கிறது, அதனால் இங்கேயே கொஞ்சம் நீட்டி எழுதிவிடுகிறேன். சேலத்தில் பதினோரு வருஷமாகச் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். கடையில் என்ன சாமான் வைப்பது என்பது ரெண்டாவது கேள்வி. வாங்க வருகிறவருக்கும் சாமானுக்கும் நடுவில் ஒரு மேஜை இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெற்றோர் அன்பாக ஒரு சூப்பர் மார்க்கெட் செட் வாங்கிக் கொடுத்தார். சின்ன டிராலி, அலமாரி, பிளாஸ்டிக் கேரட், அமுக்கினால் 'பீப்' என்று கத்துகிற மெஷின். முதல் நாள் அடிதடி. மறுநாள் வரிசையாக வந்து, கையில் கிடைத்ததை எல்லாம் டிராலியில் அள்ளிப் போட்டு, பீப் அடித்து, திரும்ப அலமாரியில் கொட்டினார்கள். மூன்றாம் நாள் டிராலி டவுன் பஸ் ஆகிவிட்டது. "அஞ்சு ரோடு, நாலு ரோடு, பழைய பஸ் ஸ்டாண்ட், ஏறு ஏறு" என்று ஒருத்தன் தொங்கிக்கொண்டே போகிறான். பஸ் விளையாட்டு நல்ல விளையாட்டுதான், நானும் டிக்கெட் எடுத்தேன். ஆனால் அந்த மூன்று நாளில் கடை என்ற பேரில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் பேசிய ஒரு வாக்கியம்கூட என் காதில் விழவில்லை. சண்டையில் பேசியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நிஜ சூப்பர் மார்க்கெட்டில் நாம் மட்டும் யாரோடு பேசுகிறோம்? எடுக்கிறோம், தள்ளுகிறோம், நீட்டுகிறோம். பில் போடுகிற பெண் "பை வேணுமா" என்று கேட்டால் தலையை ஆட்டுகிறோம். மளிகைக்கடையில் அது நடக்காது. சாமான் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். வாயைத் திறந்தால்தான் பருப்பு வரும். திறந்ததும் வந்துவிடாது. "பருப்பு" என்றால் "துவரையா, பாசியா?" என்பார். "துவரை" என்றால் "காலா, அரையா?" என்பார். கட்டிக்கொண்டே "அம்மா ஊர்லருந்து வந்துட்டாங்களா?" என்பார். நாலு வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பேச்சுப் பாடத்தை நான் எந்த டீச்சர் கையேட்டிலும் பார்த்ததில்லை.

இதில் எனக்குச் சொந்தப் பாசமும் உண்டு. அப்பா சேலத்தில் குகை என்கிற பகுதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் லீ பஜாரிலிருந்தும் சரக்கு வரும். வெல்ல மூட்டை இறங்குகிற அன்றைக்குத் தெருவிலுள்ள ஈயெல்லாம் எங்கள் கடையில்தான். வாங்க வருகிற பொடிசுகள் சாமான் பேரை மறந்துவிடாமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டே ஓடிவரும். "நூறு கடுகு, கால் கிலோ உளுந்து, நூறு கடுகு, கால் கிலோ உளுந்து." வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தால் போச்சு, கொழுக்கட்டை அத்திரிபாச்சா ஆன கதைதான். ஒருத்தி கடை வாசலில் நின்று யோசித்து யோசித்து, "அம்மா என்னமோ கேட்டாங்க மாமா, எண்ணெயில போட்டா குதிக்குமே, அது" என்றாள். அப்பா சிரிக்காமல் நூறு கடுகு கட்டிக் கொடுத்தார்.

எங்கள் வகுப்பில் கடை திறப்பதற்கு முந்தின நாள் எதிர்த்தெரு மளிகைக்கடைக்காரரை அரை மணி நேரம் வரச் சொன்னேன். "நான் வந்து என்னங்க மிஸ் பேசறது" என்று கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார். பேசவே இல்லை. ஒரு பேப்பரை எடுத்துக் கூம்பாகச் சுருட்டினார், அடி முனையை ஒரு முறுக்கு முறுக்கினார், உள்ளே ஒரு கை பொரிகடலையைப் போட்டார், மேல் ஓரங்களை மடித்து மடித்துச் செருகினார். நூலை மூன்று சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலில் ஒரு வளையம் போட்டு, வெடுக்கென்று ஒரு இழுப்பு. நூல் அறுந்தது. கத்தரிக்கோல் இல்லாமல்! இருபத்து நாலு வாயும் திறந்தபடி நின்றன. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, எங்கள் பிள்ளைகளில் ஒருத்தருக்கும் பொட்டலம் கட்ட வரவில்லை. ஆனால் அந்த வெடுக்கென்ற இழுப்பு மட்டும் அத்தனை பேருக்கும் வந்துவிட்டது. கட்டாத பொட்டலத்துக்கு அறுக்காத நூலை அவர்கள் அறுக்கிற அழகைப் பார்க்கவே கடைப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

சாமானெல்லாம் வீட்டிலிருந்து வந்த காலி டப்பா, காலி பாக்கெட். மஞ்சள்தூள் பாக்கெட், தீப்பெட்டி (குச்சி இல்லாதது), ஷாம்பு சரம், காபித்தூள் கவர். எங்கள் ஊர் நொறுக்குத்தீனி தட்டுவடை செட் வேண்டும் என்று ஒருத்தி பிடிவாதம். அது மளிகைக்கடையில் கிடைக்காது கண்ணு என்றேன். "எங்க கடையில கிடைக்கும்" என்றாள். சரி, கிடைக்கட்டும், சேலத்துக் கடைதானே.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு. முதல் முதலாகக் கடை வைத்தபோது, எல்லாம் நிஜ சாமானாக இருக்கட்டும் என்று ஆர்வக்கோளாறில் ஒரு தட்டு நிறைய ஜவ்வரிசி வைத்தேன். பிள்ளைகள் அளந்து அளந்து ஊற்றின, கண்கொள்ளாக் காட்சி. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலத்து ஜவ்வரிசி, அடுத்த வருஷம் எங்கள் வகுப்பில் ஒரு மூக்குக்குள்ளும் இடம் வாங்கிவிட்டது. பையன் அழவில்லை, சொல்லவும் இல்லை. ஒரு பக்கமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டுத்தான் கவனித்தேன். விரலை விட்டு நோண்டாமல் நேரே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த மாதிரி சாமான் மூக்கின் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும், நோண்டினால் இன்னும் உள்ளே போகும். டாக்டர் ஒரே நிமிஷத்தில் எடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் என்னைத் திட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவன் அம்மா முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதற்கப்புறம் எங்கள் கடையில் பயறு, பட்டாணி, நிலக்கடலை, புளியங்கொட்டை, நிஜக் காசு எதுவும் கிடையாது. பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்னப் பை தைத்து, மணல் நிரப்பி, வாயை இறுக்கத் தைத்துவிட்டேன். பெரிய பை அரைக் கிலோ, சின்னது கால் கிலோ. கையில் வாங்கினால் கனம் தெரிய வேண்டும், அது முக்கியம். பிளாஸ்டிக் கத்தரிக்காய்க்கும் பிளாஸ்டிக் பூசணிக்காய்க்கும் ஒரே எடை. தராசுக்கு அங்கே என்ன வேலை?

பணம் விஷயம் தனி வேடிக்கை. காலண்டர் தாளில் தேதி கொட்டை எழுத்தில் இருக்கிறது, நோட்டுக்கு அதைவிட வசதி எது என்று நினைத்தேன். முதல் நாளே தகராறு. 31 வைத்திருக்கிறவன் அதைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறான். 1 வைத்திருக்கிறவளிடம் யாரும் வியாபாரம் செய்ய மாட்டேன் என்கிறார்கள். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு மஞ்சள்தூள் டப்பாவைக் காதில் வைத்து ஹலோ சொல்லிவிட்டு, அதையே கடைக்காரன் முன்னால் நீட்டி, குரலை மாற்றி "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்றாள். கடைக்காரனும் மறுபேச்சில்லாமல் சாமானைக் கொடுத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காசைப் பார்த்ததை விட, போனில் பணம் வந்ததைக் கடையில் அறிவிக்கிற அந்தப் பெட்டியின் குரலைக் கேட்டதுதான் அதிகம். நான் தடுக்கவில்லை. ஆனால் வாரத்தில் ரெண்டு நாள் "இன்னிக்கு நெட் இல்லைங்க" என்று அறிவித்துவிடுவேன். அன்றைக்குக் காலண்டர் நோட்டுதான் செல்லும்.

கடை விளையாட்டு விளையாடினால் கணக்கு வரும் என்று சொல்லித்தான் பொம்மைக் கம்பெனிகள் விற்கின்றன. பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். என்னால் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழு கல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் கடை பார்க்கிற பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2025ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. அந்தப் பிள்ளைகள் சந்தையில் சிக்கலான விலைக்கணக்கை மனசிலேயே போட்டுச் சில்லறை கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்காகத் தாளில் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோ தாளில் போடுகிறார்கள், சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். அந்தச் சந்தைப் பிள்ளைகள் நம் பிள்ளைகளை விடப் பெரியவர்கள், நிஜ வியாபாரம் பார்க்கிறவர்கள். அங்கேயே ஒன்று இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை என்றால், என் மிக்ஸிப் பெட்டிக் கல்லாவிலிருந்து கூட்டல் கழித்தல் எப்படிக் குதித்து வரும்? கணக்கை நான் கணக்கு நேரத்தில் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன். கடையைக் கடையாக விட்டுவிடுங்கள்.

அதற்கு டீச்சர் வாயைக் கட்ட வேண்டும். எனக்கே இது கஷ்டமாக இருந்தது. பிள்ளை தக்காளியை எடுத்ததும் "தக்காளி என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று வாய் தானாகப் போகும். எந்த ஊரில் வாங்க வந்தவர் கடைக்காரரிடம் தக்காளி என்ன கலர் என்று கேட்கிறார்? கேட்ட நிமிஷமே கடை செத்துப்போய் மறுபடி வகுப்பறை ஆகிவிடுகிறது. இப்போது பேச வேண்டும் என்று தோன்றினால் பையை எடுத்துக்கொண்டு வாங்குகிறவளாகத்தான் போவேன். "ஏங்க, போன வாரம் வாங்கின வெல்லம் ஒரே மண்ணுங்க" என்பேன். கல்லாவில் இருப்பவர் முழிப்பார். அப்புறம் பதில் வரும். ஒரு தடவை வந்த பதில்: "கழுவித் தின்னுங்க."

பொரிகடலை மட்டும் நிஜமாக ஒரு பாட்டிலில் வைத்திருந்தேன், அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். மற்ற நேரத்தில் பாட்டில் எட்டுகிற இடத்தில் இருந்தால் ஐந்து நிமிஷம் தாங்காதவன் ஒருத்தன். அன்றைக்கு அவன் கடைக்காரன். இருபது நிமிஷம் பாட்டிலைத் தொடவில்லை. தின்னுடா என்று பக்கத்திலிருந்தவன் சொன்னதற்கு, "இது விக்கறதுக்கு" என்றான். ரஷ்ய உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி 1933ல் விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது, மிட்டாயைத் தின்னக்கூடாத பொருளாக வைத்து விளையாடுகிற பிள்ளை அதைத் தின்னாமல் இருக்கும் என்றார். டீச்சர் டிரெயினிங்கில் மார்க்குக்காகப் படித்த வரி அது. கண்ணால் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொரு பிள்ளை, அம்மாபேட்டைப் பக்கம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். ஜூனில் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் குனிந்துகொள்வாள். கடை வந்ததும் மேஜைக்குப் பின்னால் போய் நின்றாள், அங்கேயும் வெறும் தலையாட்டல்தான். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஒருத்தன் 31ஐ நீட்டி மீதி கேட்டு நச்சரிக்க, அவள் நிமிர்ந்து தெளிவாகச் சொன்னாள்: "சில்லறை இல்ல. மிட்டாய் எடுத்துக்க." அவள் எங்கள் வகுப்பில் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. சேலத்துக் கடைகள் அவளை நன்றாகவே தயார் செய்திருந்தன.

இதெல்லாம் வெளிநாட்டுக் கான்செப்ட் என்று ஒரு அப்பா மீட்டிங்கில் குறைப்பட்டார். கொலுப்படியில் செட்டியார் பொம்மையும் அவர் மனைவி பொம்மையும் முன்னால் அரிசி, பருப்பு, மிளகாய் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அது எந்த நாட்டிலிருந்து வந்ததுங்க என்று கேட்டேன். பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குச் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு, சிறுமிகள் கட்டி விளையாடும் மணல்வீட்டைச் சிதைக்காதே என்று கெஞ்சுவது. நம் ஆட்கள் பிள்ளை விளையாட்டை அந்த அளவுக்கு மதித்திருக்கிறார்கள்.

மதிக்காதது நாம்தான். என் அக்கா மகள் படிக்கிற பள்ளியில் போன வருஷம் 'மார்க்கெட் டே' என்று சர்க்குலர் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் பிளாஸ்டிக் காய்கறி செட் கொண்டுவர வேண்டும், வியாபாரி மாதிரி உடுத்திவர வேண்டும். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு அக்கா சின்ன சைஸ் தலைப்பாகைக்குக் கடை கடையாக ஏறி இறங்கினாள். காலையில் போட்டோ எடுத்தார்கள், பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் பையில் போட்டு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை வந்து சொன்னது: "வித்தா மிஸ் திட்டுவாங்க சித்தி, சும்மா நிக்கணும்."

ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு அங்கன்வாடி அக்கா கேட்டிருந்தார், எங்களால் எல்லாம் இது முடியுமா என்று. எங்களை விட உங்களால்தான் நன்றாக முடியும் அக்கா. உங்கள் பிள்ளைகள் தனியாகக் கடைக்குப் போய் வருகிற பிள்ளைகள். எங்கள் பிள்ளைகள் காருக்குள்ளிருந்து கடையைப் பார்க்கிறவர்கள். ஒரு மூலை, ஒரு குறுக்கு மேஜை, ஒரு நேரத்துக்கு நாலு பேர் போதும். ஒரு நாளோடு கலைக்காமல் மூன்று வாரமாவது விட்டுவையுங்கள். முதல் வாரம் வெறும் இழுபறிதான் இருக்கும். பேச்சு வர ரெண்டாம் வாரம் ஆகும்.

எங்கள் கடைக்கு நாளைக்கு லீவு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா. பள்ளிக்கூடத்துக்கும் லீவுதான், ஆனால் அதற்கு முன்னாலேயே கல்லாக்காரர் தனியாக லீவு விட்டுவிட்டார். மேஜை மேல் துண்டை விரித்து மூடிவிட்டு, வாங்க வந்தவர்களிடம் "அம்மன் முடிஞ்சு வாங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். நானும் பையோடு திரும்பிவிட்டேன். என் கால் கிலோ பருப்பு பாக்கி.