பூ கட்டுவதைச் சொல்லக்கூடாதாம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்து வீடியோ இந்நேரம் உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். எனக்கே நாலு குரூப்பில் வந்துவிட்டது. பெயர் சொல்லி யாரையும் இழுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் இரண்டு நாளாகக் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கல்லூரி இன்டர்வியூவுக்குப் பயிற்சியாம். "ஓய்வு நேரத்துல என்ன செய்வ?" "அம்மாகூட பூ கட்டுவேன் சார்." அதற்குப் பயிற்சி கொடுக்க வந்த சார் மைக்கிலேயே, "இதை அங்க போய்ச் சொல்லிராத தாயி, ரெண்டு முழம் குடுன்னு கேட்ருவாங்க." மண்டபமே சிரிக்கிறது. அப்புறம் 'ரீடிங் புக்ஸ், லிசனிங் டு மியூசிக்' என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறார்.

ஆகா, என்ன தயாரிப்பு! வருகிற எல்லாப் பிள்ளைக்கும் அதே ரீடிங், அதே மியூசிக். "கடைசியா என்ன புத்தகம் படிச்ச?" என்று அடுத்த கேள்வி வந்தால் சாரா போய்ப் பதில் சொல்வார்?

அவள் சேரக் கேட்டிருப்பது பொருளாதாரப் படிப்பு. சித்திரையில் மல்லி கொட்டிக் கிடந்து சென்ட் பேக்டரிக்குப் போவதும், பனியில் செடி பூக்காத மார்கழி, தையில் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவதும் அவளுக்குப் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். சாயங்காலம் விரிந்துவிட்டால் யாரும் சீண்ட மாட்டார்கள். அதனால்தான் விவசாயியால் விலைக்காகக் காத்திருக்க முடியாது. இதை அவள் சொல்லியிருந்தால் எதிரே இருப்பவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கேட்டிருப்பார். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பூவைக் கட்டுகிற கை மட்டும் கேவலமா?

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ பழக்கமில்லை. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு 2007லேயே போய்விட்டது. அதன்பிறகு கட்-ஆஃப், கவுன்சிலிங், அவ்வளவுதான். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் மாதிரி எழுத்துத் தேர்வும் வைத்து நேர்காணலும் வைக்கிற இடத்துக்குப் போகிற பிள்ளைக்கு உதவி தேவைதான். தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்லப் பழக்குங்கள். ஏன் இந்தப் பாடம் என்பதற்கு அவளுக்கென்று ஒரு காரணம் இருக்கும், அதைப் பேச விடுங்கள். வீட்டை மறைக்க மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஆங்கிலம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். பூ கட்டுவதை ஆங்கிலத்திலும் சொல்லலாம். சார் இலவசமாகத்தானே வந்தார் என்கிறார்கள். இலவசம் என்றால் சிரிப்பையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டுமா? தமாஷைத் தமாஷாக எடுத்துக்கத் தெரியாதா என்று எனக்கே ஒருவர் போன் போட்டுக் கேட்டார். தெரியாது. எனக்கு அது வராது.

1994இல் நானும் மதுரையில் ஒரு கல்லூரிக்கு அட்மிஷனுக்குப் போனேன். பிரின்சிபால் அறை. பக்கத்து நாற்காலியில் அம்மா. தெற்கு மாசி வீதியில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா. நார் அறுத்து அறுத்து என் ஆட்காட்டி விரலில் கோடு விழுந்திருக்கும், அதைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன். அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டதும், டியூஷன் சார் சொல்லிக்கொடுத்தபடியே, "ஹவுஸ் வைஃப் மேடம்."

சீட் கிடைத்ததா என்றால், கிடைத்தது. மார்க்குக்குக் கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏத்தா, அவுஸ் வைப்புன்னா வீட்ல சும்மா இருக்கிறவகதான?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா மடியில் இருந்த பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். இறங்குவதற்குள் நாலு முழம் ஆகியிருந்தது.