நீல நிற ஒயில் எல்லாம் ஒன்றல்ல

மலையகத்தின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் பக்கம் போட் வைத்திருப்பவர்களிடையே வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “டூ ஸ்ட்ரோக் ஒயில் எல்லாம் ஒன்றுதான். நீலமாக இருந்தால் போட் மோட்டாருக்கும் ஊற்றலாம். மலையில் காற்று குறைவு, அதனால் கொஞ்சம் கூட ஊற்றுங்கள்.” இரண்டுமே பிழை.

டூ ஸ்ட்ரோக் ஒயில் பெற்றோலோடு கலந்தே எரியும். அதன் நீலம் வெறும் சாயம். பார்க்க வேண்டியது போத்தலில் உள்ள டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற குறி. பழைய த்ரீவீலர், புல்வெட்டி எஞ்சின்கள் காற்றால் குளிர்பவை, சூடு அதிகம். அவற்றின் ஒயிலில் உலோகம் கலந்த சேர்மானங்கள் உண்டு. எரிந்தால் சாம்பல் மிஞ்சும். போட் மோட்டாரோ குளத்துத் தண்ணீரை இழுத்துக் குளிர்கிறது. அந்தக் குறைந்த சூட்டில் சாம்பல் ஸ்பார்க் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். படிவு கனன்றால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே பற்றும், பிஸ்டன் ஓட்டையாகலாம். டிசி-டபிள்யூ3 சாம்பல் விடாத ஒயில்.

அப்புறம் மலைக் கதை. காசல்ரீயும் மவுசாகலையும் 1,000 மீற்றருக்கும் மேலே, காற்று மெலிவுதான். ஆனால் அதனால் உள்ளே போகும் காற்றின் அளவுக்குப் பெற்றோல் கூடிவிடுகிறது. அதைச் சரிசெய்வது பெற்றோலை அளந்துவிடும் கார்பரேட்டர் ஜெட். கூடுதல் ஒயில் புகையும் கரியும்தான் தரும். பல மோட்டார்களுக்கு 50க்கு 1, அதாவது 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் ஒயில். உங்கள் மோட்டாரின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

ஏற்கனவே மாற்றி ஊற்றியவர்கள் பயப்பட வேண்டாம், ஒரு டாங்கில் எஞ்சின் போய்விடாது. மிச்சத்தை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி முனையில் சாம்பல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.